பதினோரு நகல்கள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் என் அண்ணன் விஷால் என் கைப்பேசியை எடுத்துச் செய்த காரியத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. இந்த வாரம் புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக மட்டும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

நான் பிரவீனா. பகலில் தாலுகா ஆபீசுக்கு எதிரே, மனு எழுதும் அப்பாவின் கடையில் டைப் செய்கிறேன். மாலையில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறேன். சாமுராய் வரலாறு பேசும் ஓர் இணையக் குழுவில் ஆறு மாதமாக உறுப்பினர். ஆறு மாதமும் படித்ததோடு சரி, ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டால் தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்ற பயம்.

விஷாலுக்கு அந்தப் பயம் கிடையாது. என் பெயரில் கேட்டுவிட்டான்: ‘சாமுராயும் எங்கள் சோழ வீரனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? அவசரம்.’ பதில் சொன்ன ஒவ்வொருவரிடமும் ‘ஆதாரம்?’ என்று வேறு கேட்டிருக்கிறான். மாலைக்குள் இருநூற்றுப் பதினான்கு பதில்கள், அதில் பாதி சண்டை. குழுவை நடத்துபவர்கள் அந்த விவாதத்தையே பூட்டிவிட்டு எனக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். இன்னொரு தவறு செய்தால் வெளியேற்றம்.

இன்று சனிக்கிழமை. மாலை ஆறரைக்கு வகுப்பில் நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் ஜப்பானிய மொழியில் பேச வேண்டும். நன்றாகப் பேசும் ஒருவரை, ஒருவரை மட்டும், ஒரகடம் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையின் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு துர்கா மிஸ் பரிந்துரைப்பார். எனக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் ஆறுதல் சொல்ல ஆட்கள் வேண்டாமே என்றுதான்.

என் தலைப்பு: பட்டாலைக்குப் போன சாமுராய் வீட்டுப் பெண்கள்.

சாமுராய்களின் காலம் முடியும்போது, 1872இல், தொமியோகா என்ற ஊரில் ஜப்பானிய அரசு பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கியது. ஆரம்பத்தில் வேலைக்கு வந்த பெண்களில் பலர் சாமுராய் குடும்பத்தினர். காஞ்சிபுரத்துக்காரிக்கு இதைவிட என்ன தலைப்பு வேண்டும்? பேச்சின் தொடக்கமும் தயார். ஆலையை நடத்த வந்த பிரெஞ்சுக்காரர்கள் சிவப்பு ஒயின் குடித்தார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள், ‘இவர்கள் பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள்’ என்று மிரண்டு தங்கள் பெண்களை அனுப்ப மறுத்துவிட்டார்கள்.

அருமையான தொடக்கம். உண்மையா என்பதுதான் தெரியவில்லை. மூன்று இடத்தில் படித்தேன். மூன்றும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல. புதன்கிழமை துர்கா மிஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “ஆதாரம் இல்லாத கதைய வெச்சு ஆரம்பிச்சா, அங்கியே உன்ன கழிச்சிடுவேன்.”

குழுவில் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால்தான்.

காலை ஒன்பதேகாலுக்குக் கடையைத் திறந்தோம். பத்து நிமிடம் கழித்து அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, விரலு கீபோர்டு மேல இருக்குது, சத்தமே காணோம்?”

“ஒரு கேள்வி எழுதணும்பா. சாமுராய் குரூப்ல.”

“விஷால் கேட்டானே, அந்த மாதிரியா?”

“அந்த மாதிரி இல்லாம.”

“அப்ப நம்ம ஃபார்மட்லயே அடி. கேள்வியும் மனுவும் ஒண்ணுதான். முன்ன பின்ன தெரியாத ஒருத்தரோட நேரத்த கேக்கற, அவ்ளோதான்.”

என் அப்பா பரசுராமன் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறார். அவர் சொன்னபடியே எழுதினேன். ‘பொருள்’ என்று போட்டு ஒரே வரியில் கேள்வி. ‘பார்வை’ என்று போட்டு நான் படித்த மூன்று இடங்கள். எதுவரை எனக்குத் தெரியும், எதில் சந்தேகம், எதற்காகக் கேட்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே நம்பிக்கை வராததால் இன்னொரு முறை படித்தேன். அப்போதும் நன்றாகவே இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் கடையிலிருந்து நகல் இல்லாமல் ஒரு மனுவும் வெளியே போனதில்லை. தாசில்தாருக்கு மனு என்றால் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல், இன்னும் யார் யார் உண்டோ அவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று. நகல் போடாத மனு இருந்த இடத்தைவிட்டு அசையாது என்பது அப்பாவின் கட்சி.

குழுவின் ஆறாவது விதி என் நோட்டில் இருக்கிறது: ‘அனுமதி இல்லாமல் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பாதீர்கள்.’ அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டுக்கூட வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் யோசித்தேன். தனிச்செய்தி என்றால் அவரிடம் நேராகக் கேட்பது. நகல் என்றால் கேட்பதல்ல. உங்களுக்கும் தெரியட்டும் என்ற மரியாதை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

9.52க்குக் கேள்வியைக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். நடத்துநர்கள் நான்கு பேருக்கும், நிறைய பதில் சொல்லும் ஏழு பேருக்கும் தனித்தனியாக நகல் அனுப்பினேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற பத்துப் பேரின் பெயரையும் வரிசையாகப் போட்டேன். அது வேறு மரியாதை.

10.20க்கு முதல் பதில் வந்தது. ‘இது ஏன் எனக்கு வந்திருக்கிறது?’

10.24க்கு இரண்டாவது. வெறும் கேள்விக்குறி.

10.31க்கு ‘நனைந்த குடை’யிடமிருந்து மூன்றாவது. அது நடத்துநர்களில் ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது.

‘பிரவீனா, ஒரே செய்தியைப் பதினோரு பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். போன வாரம்தான் உங்களை எச்சரித்தோம். உங்கள் கேள்வியை நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களை நீக்குவதற்கு முன் விளக்கம் ஏதும் உண்டா?’

தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன்.

“மெமோ குடுத்துட்டாங்க” என்றார் அப்பா, பழக்கப்பட்டவர்போல. “பதட்டப்படாத. மூணு பக்கத்துல ஒரு விளக்கம் போட்டுடலாம். குடைக்காரருக்கு ஒண்ணு, மீதி பத்து பேருக்கும் நகல்...”

“அப்பா! நகல்தான் பிரச்சினையே!”

“சரி. அப்ப நகல் அனுப்பினது தப்புதான்னு ஒரு மன்னிப்பு மனு. அது அந்தப் பதினோரு பேருக்கும் தெரியணுமா இல்லியா? தெரியணும்னா...”

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர், ‘சிரிக்கிற நேரமா சார் இது, சனிக்கிழம ஆபீசர் வந்ததே பெரிசு, பதினோரு மணிக்குப் போயிடுவாரு’ என்று கத்திய பிறகுதான் அப்பா அடங்கினார். நான் சிரிக்கவில்லை. விளக்கம் என்று நான்கு விதமாக எழுதி நான்கையும் அழித்தேன். ஒன்று கெஞ்சலாக இருந்தது. ஒன்று விஷாலைக் காட்டிக்கொடுத்தது. மற்ற இரண்டும் என்னவாக இருந்தன என்று இப்போது நினைவில்லை.

ஒரு மணிக்கு அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு காந்தி ரோடு போனேன். அம்மா அன்னம்மாள் அங்கே ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனைப் பகுதியில் இருக்கிறாள். முகூர்த்த மாதம். பின்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டி, டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“காலையில ஒருத்தி வந்தாடி. போன்ல ஒரு போட்டோ. என்கிட்ட காட்டி ‘இது இருக்குதா’ன்றா. நான் திரும்பறதுக்குள்ள பக்கத்துல நிக்கற நம்ம கடை காந்தாகிட்ட காட்டறா. அப்பறம் அந்தாண்ட கவுண்டர்ல. எட்டு பேருகிட்டயும் அதே போட்டோ!”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா? காந்தா எடுத்துடுவான்னு நானு, நான் எடுத்துடுவேன்னு அவ. எவளும் எடுக்கல. ‘இவ்ளோ பெரிய கடையில ஆளுங்களே சரியில்ல’ன்னு மொறச்சிக்கினு போயிட்டா.”

நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

“இன்னொரு பொண்ணு வந்துது பாரு” என்றாள் அம்மா வாயில் சோற்றோடு. “நேரா என்னாண்ட வந்து, ‘அக்கா, எதிர்க் கடையில ரெண்டு பாத்துட்டேன், பார்டர் பெருசா இருக்குது. எங்க அண்ணி குள்ளம், சின்ன பார்டர் வேணும், சீமந்தத்துக்கு’ன்னுது. அதுக்காக ஏணி போட்டு மேல் தட்டுலேர்ந்து எடுத்தேண்டி. இந்த முட்டிய வெச்சிக்கினு! எடுக்கலைன்னாலும் பரவால்லக்கான்னு சொல்லுது. நான் விடுவனா?”

“அம்மா, அந்த மொதல் பொம்பள திரும்பி வந்து சாரி சொன்னா எடுத்துக் குடுப்பியா?”

அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“எட்டு பேருகிட்டயும் வந்து சாரி சொன்னா கடுப்பாவும். ஒருத்திகிட்ட சொன்னா போதும். எதுக்குடி கேக்கற?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லன்னா மோர எடு.”

கடை வாசலில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதினேன். நனைந்த குடைக்கு மட்டும்.

‘தவறு என்னுடையது. நான் மனு எழுதும் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் ஒரு விண்ணப்பத்தின் நகலைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அனுப்புவது வழக்கம். அதையே இங்கும் செய்துவிட்டேன். ஆறாவது விதியைப் படித்த பிறகும் செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினோரு பேரின் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறேன். என் கேள்வியை வெளியிடுவது உங்கள் முடிவு.’

என் பேச்சு இன்று மாலை என்பதை எழுதவில்லை. எழுதி, அழித்தேன். என் அவசரம் அவருக்கு எதற்கு? ஆனால் அழித்தது சரியா என்று கடைக்குத் திரும்பும் வழி முழுக்க யோசித்தேன்.

2.35க்குப் பதில் வந்தது.

‘இருபது வருடமாக இந்தக் குழுவை நடத்துகிறேன். நகலை மரியாதை என்று அனுப்பிய முதல் ஆள் நீங்கள். இங்கே அது, ஒரே சமயத்தில் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. இனி வேண்டாம். கேள்வி நன்றாக இருக்கிறது; என்ன படித்தீர்கள் என்று முதலிலேயே சொல்பவர்கள் குறைவு. வெளியிடுகிறேன். ஒருவருக்கு வாரம் ஒரு கேள்விதான், நினைவிருக்கட்டும்.’

அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

“ஃபார்மட்ட பாராட்டறாரு பாத்தியா?” என்றார்.

மூன்றே முக்காலுக்கு ஒருவர் பதில் எழுதினார். நாலரைக்கு இன்னொருவர். நாலு ஐம்பதுக்கு நனைந்த குடையே இரண்டு புத்தகங்களையும் பக்க எண்களையும் கொடுத்திருந்தார். சுருக்கம் இது: வெளிநாட்டார் ரத்தம் குடிப்பார்கள் என்ற வதந்தி பரவியதும், பெண்களை அனுப்பத் தயங்கியதும் உண்மை. ஆலையின் முதல் நிர்வாகி தன் மகளையே வேலைக்குச் சேர்த்துக் காட்டினார். ஆனால் சிவப்பு ஒயினைப் பார்த்துத்தான் அந்த வதந்தி பிறந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். அடித்துச் சொல்லாதீர்கள், ‘என்று சொல்கிறார்கள்’ என்று சொல்லுங்கள்.

ஐந்தரைக்கு விஷால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் ஏ.சி. மெக்கானிக். சனிக்கிழமைகளில் என்னை வகுப்பில் விடுவது அவன் வேலை. போன வாரத்துக்குப் பிறகு அது தண்டனையும்கூட.

“பதிலு வந்துட்ச்சா? அப்ப கேள்விய டெலீட் பண்ணிடு. கிளாஸ்ல எவனாவது பாத்தா, இவ கேட்டு எழுதினான்னு சொல்லுவான்.”

“டெலீட் பண்ணக் கூடாதுடா. நாளைக்கு இதே சந்தேகம் வர்றவங்களுக்கு வேணும். ஒம்பதாவது ரூலு.”

“ரூலு ரூலுன்னே சாவு. அந்த ஒயின் மேட்டர சொல்லித்தானே ஆரம்பிக்கற?”

“‘சொல்கிறார்கள்’னு சேத்து.”

“போச்சு. பஞ்ச்சே போச்சு” என்றான் விஷால்.

எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிவிட்டு, எந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கப்போகிறேன் என்பதையும் எழுதிவிட்டு ஏறினேன். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கூட்டம். வண்டி நகராமல் நின்றபோது பேச்சின் முதல் வரியை மாற்றினேன். வதந்தியை விட்டுவிட்டு, மகளையே அனுப்பிய நிர்வாகியிலிருந்து தொடங்கினேன்.

வகுப்பில் நான் கடைசி. எனக்கு முன்னால் பேசியவன் ஆதீஷ். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்யும் சமணக் குடும்பம். மாலை வகுப்பில் நாங்கள் வாங்கும் போண்டாவை அவன் மட்டும் தொடமாட்டான். உச்சரிப்பில் எங்கள் எல்லோரையும்விட அவன்தான் மேல். ஜப்பானிய நெல் வயலைப் பற்றிப் பேசி, துர்கா மிஸ்ஸைத் தலையாட்ட வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். இடம் அவனுக்குத்தான் என்று நான் அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்து நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் திக்கினேன். ‘என்று சொல்கிறார்கள்’ என்ற இடத்தில் துர்கா மிஸ் நிமிர்ந்து பார்த்தார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

“கேள்வி இருந்தா கேக்கலாம்” என்றார் மிஸ்.

ஆதீஷ் எழுந்தான். முதலில் ஜப்பானிய மொழியில் கேட்டான். எனக்குப் பாதி புரியாததைப் பார்த்துத் தமிழில் கேட்டான்.

“கூட்டுக்குள்ள இருக்கற பூச்சிய கொன்னுட்டுத்தானே நூல் எடுப்பாங்க? அந்தப் பொண்ணுங்க புத்தர கும்புடறவங்க. அவங்களுக்கு அது உறுத்தலியா? அதப் பத்தி அவங்க ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் தறி இருக்கிற வீட்டிலிருந்து வருபவர்கள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒருமுறை மனசுக்குள் புரட்டினேன். எதிலும் இல்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஏதோ சடங்கு செய்தார்கள் என்று ஒரு வரி விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“வாகாரிமாசென்” என்றேன். தெரியாது. “கேட்டுச் சொல்றேன்.”

உட்காரும்போது முழங்கால் மேசையில் இடித்தது. ஆதீஷ் என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டான்.

துர்கா மிஸ் தாளில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

“பிரவீனா” என்றார். “உன் பேர அனுப்பறேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வேறு பிரவீனா யாரும் இல்லை.

“ஆனா வியாழக்கெழம கம்பெனிலேர்ந்து ரெண்டு பேரு வர்றாங்க. அவங்க முன்னாடி இதே பேச்சு பேசணும். ஆதீஷ் கேட்டத அவங்களும் கேப்பாங்க. ‘தெரியாது’ன்றது ஒரு வாட்டிதான் செல்லும்மா. வியாழனுக்குள்ள தெரிஞ்சிக்கினு வா.”

சந்தோஷம் படிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு கேள்வி. என்னுடையது முடிந்துவிட்டது. அடுத்தது அடுத்த சனிக்கிழமை.

ஆதீஷ் பின்னாலேயே இறங்கி வந்தான்.

“மாட்டி வுடணும்னு கேக்கலைங்க. எங்க வீட்ல யாரும் பட்டு கட்ட மாட்டாங்க. காஞ்சிபுரத்துல இருந்துக்கினு எங்க அம்மா கல்யாணத்துக்கே பருத்திதான். அதனால சின்ன வயசுலேர்ந்தே அந்தக் கேள்வி ஓடிக்கினே இருக்குது.”

“நல்ல கேள்விங்க. எனக்குத்தான் இந்த வாரம் கோட்டா முடிஞ்சிட்ச்சு.”

விதியைச் சொன்னேன். பதினோரு நகலையும் சொன்னேன். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கேலி செய்வதுபோல இல்லை. நானும் அந்த நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

“நான் சேந்து கேக்கறேனே? எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்குதில்ல?”

“ரூல்ஸ் மொதல்ல படிங்க. ஒம்பது இருக்குது.”

“படிக்கறேங்க” என்றான். கீழே விஷால் ஹாரன் அடித்தான். இரண்டு முறை.

எட்டு மணிக்கு ஓரிக்கையில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். செய்தியைக் கேட்டதும் அம்மா அப்பளம் பொரித்தாள். அப்பா எல்லோருக்கும் இரண்டு முறை சொன்னார், குடைக்காரர் தம் ஃபார்மட்டைப் பாராட்டியதை. அப்போது என் கைப்பேசி ஒலித்தது. என் கை குழம்பாக இருந்ததால் விஷால் எடுத்தான். அவனே தமிழில் படித்தான், தேவைக்கு மேல் சத்தமாக.

‘பிரவீனா, ஆதீஷ் என்பவர் குழுவில் சேர விண்ணப்பித்திருக்கிறார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில், “என் தோழிக்காக ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவருக்கு இந்த வாரம் இடமில்லை” என்று எழுதியிருக்கிறார். ஒன்பது விதிகளையும் தன் சொந்த வார்த்தையில் எழுதி இணைத்திருக்கிறார். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. இவர் உங்களுக்குத் தெரிந்தவரா? நீங்கள் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.’

“ஜாமீன் கேக்கறாங்க” என்றார் அப்பா.

“தோழிக்காக” என்றான் விஷால், அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

“கிளாஸ்ல கூட படிக்கறவர்தான்” என்றேன். “கேள்வி கேட்டாரு. அவ்ளோதான்.”

அம்மா எனக்குச் சோறு போட்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பாவம், உனக்காக இவ்ளோ மெனக்கெடுது அந்தப் புள்ள. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, வூட்டுக்கு வரச் சொல்லு. ராத்திரிக்கு நல்லா உருளக்கெழங்கு வறுத்து வெக்கறேன்.”

“பொழுது சாஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்கம்மா. கெழங்கும் சேத்துக்க மாட்டாங்க. வெங்காயமும்தான்.”

விஷால் அப்பளத்தைக் கடிப்பதை நிறுத்தினான். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அம்மா.

அன்று முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், எனக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். நான் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.